கடல் பார்த்த வீடு

என் அக்கா வீடு வாங்கப் போகிறாள் என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடற்கரையில் என்றதும் தூக்கிவாரிப்போட்டது. கடல் என்றாலே அவளுக்கு ஆகாது. டிவியில் அலை அடித்தால்கூடச் சேனலை மாற்றிவிடுவாள். ஏன் என்று கேட்டால், "அவ என் சக்களத்தி, அவ மூஞ்சியில நான் எதுக்கு முழிக்கணும்?" என்பாள். சக்களத்தி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோகிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதானே நினைக்கத் தோன்றும்? நான் நினைத்தேன், அதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். மனசில் ஒன்று வாயில் ஒன்று என்று எனக்குக் கிடையாது. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். பின்னால் ஒரு வண்டி வானரங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது குழைந்து பேசி வேலைக்காகாது. அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்தாலும் இறங்குவதில்லை.

அக்கா எனக்கு நேர் எதிர். மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கடையின் முன்பக்கம் பளபளவென்று நிலைக்கண்ணாடியும் விளக்குமாக இருக்கும். பின்பக்கம் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டிய ஓர் அறை. அங்கே உட்கார்ந்து லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவாள். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் ஆடும், கொஞ்சம் குறைந்தால் உள்ளே போகாது. யாராவது புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "ஆகா, நல்லாத் தெரியுதே" என்று முன்பக்கம் சொல்வது பின்னறையில் கேட்கும். தனக்கு அந்தப் பாராட்டே போதும் என்பாள். எனக்குப் போதாது, நானாக இருந்தால் வெளியே வந்து நின்றிருப்பேன்.

அவளைக் கப்பல்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கப்பல்காரர் என்றதும் வெள்ளை உடுப்பு, தொப்பி, தோளில் தங்கப் பட்டை என்று எங்கள் உறவில் ஆளாளுக்குக் கற்பனை செய்துவைத்திருந்தார்கள். வந்தவருக்கு நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறை. அத்தான் வேலை செய்தது கப்பலின் அடிவயிற்றில், எஞ்சின் ரூமில். எங்கள் பெரியப்பா அவருக்கு எண்ணெய் மாப்பிள்ளை என்று பேர் வைத்தார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வருஷத்தில் முக்கால்வாசி கப்பல், மிச்சம் வீடு. வந்து, பெட்டியைப் பிரித்து, அக்காவும் அவரும் கூச்சம் விட்டுப் பேச ஆரம்பிக்கிற நேரத்தில் பெட்டியை மறுபடியும் கட்டவேண்டியிருக்கும். ஒரே மகள் பிறந்தபோது அவர் கடலில் இருந்தார். அந்தப் பெண் படித்து முடித்து வேலை கிடைத்து வெளியூர் போனபோதும் கடலில்தான் இருந்தார். ஒருமுறை கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. கம்பெனியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்கா அன்ன ஆகாரம் இல்லாமல் போன் பக்கத்திலேயே கிடந்தாள். கடலுக்குச் சக்களத்தி என்ற பேர் வந்தது அதற்குப் பிறகுதான்.

போன வருஷம் அத்தான் ஓய்வு பெற்று ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். அக்கா ஜன்னலோரம் இரண்டாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டாள். அதில் உட்காரவும் ஆள் வந்தாயிற்று. ஆனால் அந்த ஆளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு நாள் இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம். மாதக்கணக்கில் இப்படியே போனது. படுப்பார், புரளுவார், எழுந்து போய் ஒழுகாத குழாயை இறுக்குவார், கிறீச்சிடாத கதவுக்கு எண்ணெய் போடுவார். பகலில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். கன்னம் ஒட்டிப்போயிற்று. டாக்டர் கொடுத்த மாத்திரை, சூடான பால், புது மெத்தை, காலையும் மாலையும் நடை, எதுவும் பலிக்கவில்லை. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கிற அளவுக்கு அமைதியைக் கொண்டுவந்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்தாள். லொடலொடத்த ஃபேனை மாற்றிச் சத்தமே வராத ஃபேன் வாங்கினாள். கீழே இருந்த செருப்புக் கடைக்காரரிடம் போய் ஷட்டரை மெதுவாக இறக்கச் சொன்னாள். என்னைக்கூட மாடிப்படியிலேயே நிறுத்தி, குரலைக் குறைத்துக்கொண்டு உள்ளே வா என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே திரும்பிப் போயிருப்பேன். அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனேன்.

இந்த நேரத்தில்தான் அந்தக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். கப்பல்களுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கிற ஏஜென்ட் அவர். ஒரு பழைய கப்பலுக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும், வயதைப் பற்றிக் கவலையில்லை, வந்துவிடுங்கள் என்றார். அத்தான் மாட்டேன் என்று சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடியே பேசினாள்.

"கப்பல்ல மட்டும் எப்படித்தான் தூங்கினீங்கன்னு கேட்டேன். படுத்ததும் தூங்கிடுவேன்னாரு. இந்தத் தடவை போனா திரும்பி வர மாட்டாருடி. உடம்பு தாங்காது. என்னிக்காவது ஒரு போன் வரும், நான் எடுப்பேன், அவ்ளோதான்."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் திட்டத்தைச் சொன்னாள். அவர் கடலுக்கு ஏங்குகிறார். கடல் இல்லாமல்தான் தூக்கம் வரவில்லை. அதனால் இப்போது இருக்கிற மாடி வீட்டை விற்றுவிட்டு, கடற்கரையில் கட்டியிருக்கிற ஒரு குடியிருப்பில் சின்னதாக ஒரு வீடு வாங்கவேண்டும்.

"சக்களத்தி வேணும்னா அவ வாசல்லயே கொண்டுபோய் வெச்சுக்கறேன். ஆளு வீட்ல இருந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன்.

அந்தக் குடியிருப்புக்கு ஒரு பெரிய கேட், கேட்டில் ஒரு காவலாளி, அவர் கையில் ஒரு விசில். உள்ளே வரிசை வரிசையாக ஒரே மாதிரி வெள்ளை வீடுகள். படங்களில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கிட்டே போனால் ஜன்னல் கம்பியெல்லாம் துரு, கதவுப் பூட்டெல்லாம் பச்சைப் பூஞ்சணம் பிடித்த மாதிரி. பால்கனியில் துணி உலர்த்தக்கூடாது, நாயைக் கழற்றிவிடக்கூடாது, மணலோடு படியேறக்கூடாது என்று மூலைக்கு மூலை பலகை. கடற்கரையில் வீடு கட்டிவிட்டு மணல் வரக்கூடாதாம். யாரைத்தான் நொந்துகொள்வது?

ஞாயிறு தவறாமல் போனோம். அத்தான் வேனில் குழந்தைகள் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு வருவார். முதலில் பார்த்த வீட்டில் ஹால் ஜன்னலைத் திறந்ததும் கடல் முழுசாகத் தெரிந்தது. அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரின் சுண்ணாம்பை ஆராய்ந்தாள். அத்தான் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, கடல் இவ்வளவு பெரிதாகவா இருக்கும் என்று என்னிடம் கேட்டார். ஆயுசு முழுக்கக் கப்பலில் இருந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? கேட்டுவிட்டேன். "நான் கீழதானே இருந்தேன்" என்றார். நான் சிரித்தேன், அக்காவும் சிரித்தாள். அவர் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் சரியாகக் காதில் வாங்கவில்லை. அந்த வீடு எங்கள் கைக்கு எட்டவில்லை. அடுத்ததில் குழாயைத் திருகினால் குழாயே கையோடு வந்துவிட்டது. இன்னொன்றில் அலமாரி இழுப்பறைகளில் விதை விதைக்கிற அளவுக்கு மணல். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அத்தான் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்பார். மாத்திரையைப் பற்றி டாக்டர் கேட்டபோதும் இப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குள் கம்பெனிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கப்பல் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா பழைய பெட்டியைப் பரண்மேல் ஏற்றி, அதன்மேல் தலையணை மூட்டைகளைப் போட்டு மறைத்தாள். அவர் தேடினால் கிடைக்காதா என்ன?

அப்போதுதான் ஒரு தரகர் போனில் பேசினார். கடல் பார்த்த வீடு ஒன்று இருக்கிறது, உங்களுக்கு எட்டுகிற விலையில் வரும், இந்த ஞாயிறு பதினோரு மணிக்கே வந்துவிடுங்கள், தாமதிக்கவேண்டாம் என்றார். அந்த விலைக்குக் கடல் பார்த்த வீடா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் போனோம்.

குடியிருப்பின் கடைசி வரிசையில், ஒரு மூலையில் இருந்தது அந்த வீடு. முன்னால் சின்ன வராந்தா, ஒரு ஹால், உள்ளே ஓர் அறை, சமையலறை. தரையில் சிமெண்ட், சுவரில் பழைய காலண்டர் மாட்டிய ஆணிகள். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. நான் கடலைப் பார்க்கலாம் என்று வாசலுக்கு வந்து நின்றேன். எனக்கு எதிரே நின்றது ஒரு ஹோட்டலின் பின்பக்கச் சுவர். மூன்று மாடி உயரம், சாம்பல் நிறம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கடல் அதற்கு அந்தப் பக்கம்.

தரகர் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, தேன் ஒழுகப் பேசுகிற மனுஷன். கடல் பார்த்த வீடு என்றீர்களே, கடல் எங்கே என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"வாசல் கடல் பார்த்துத்தானே மேடம் இருக்கு."

"எனக்குத் தெரியலையே."

"தெரியும்னு நான் சொல்லலையே. வீடுதான் பார்க்குது. இப்ப கிழக்கு பார்த்த வீடுன்னா, போய் நின்னுக்கிட்டு கிழக்கு எங்க தெரியுதுன்னு யாராவது கேப்பாங்களா?"

என் வாய் அடைத்துப்போனது. அப்படி நடப்பது அபூர்வம். அந்த நேரத்தில் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் அந்தச் சாம்பல் சுவரை ஏதோ சொந்தக்காரரைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஜன்னலிலிருந்தும் கடல் தெரியாதா என்று மெதுவாகக் கேட்டாள். தரகர் அவளும் குறைதான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மொட்டை மாடிக்கு ஏறினால் ஓரத்தில் நீலமாகத் தெரியும் என்று சத்தியம் செய்தார். மாடிக்கு ஏறாவிட்டால் தெரியாதுதானே என்று அக்கா உறுதிப்படுத்திக்கொண்டாள். அவளுக்கு அப்படியொரு நிம்மதி. ஆனால் உடனே முகம் வாடிவிட்டது. வீடு அவளுக்கா வேண்டும், அவருக்கல்லவா வேண்டும்?

நான் தரகரைப் பிடித்துக்கொண்டேன். ஊரை ஏமாற்றுகிற பிழைப்பு என்று ஆரம்பித்தேன். அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, சீக்கிரம் பார்த்துவிடுங்கள், சீக்கிரம் பார்த்துவிடுங்கள் என்றார். எதற்கு இந்த அவசரம் என்று நான் கேட்டு வாய் மூடவில்லை, அந்தச் சுவரின் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

முதலில் ஓர் உறுமல். பிறகு அது சீராகி, கனத்து, இடைவிடாமல் ஓட ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. வெறுங்காலோடு நின்றிருந்த எனக்குத் தரை அதிர்வது உள்ளங்காலில் ஏறியது. அந்த ஹோட்டலின் ஏசி, தண்ணீர் பம்ப், இன்னும் என்னென்னவோ, எல்லா மிஷின்களும் அந்தச் சுவருக்குக் கீழேதான் இருந்தன. அன்று ஏதோ பழுது பார்க்க நிறுத்தியிருந்தார்கள். அது தெரிந்துதான் அந்த ஆள் எங்களைப் பதினோரு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார். எவ்வளவு நேரம் ஓடும் என்று கத்திக் கேட்டேன். நிற்பதே இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் இந்தச் சத்தம் தாங்காமல் ஓடிவிட்டார்களாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. தூக்கமில்லாத மனுஷனுக்கு வீடு தேடி அலைகிறோம், எங்களிடம் இந்த மிஷின் ரூமையா விற்கப் பார்க்கிறாய் என்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். மிஷின் சத்தத்தையும் தாண்டி என் குரல் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள், போகலாம் என்றாள். அத்தானைக் கூப்பிட்டேன். பதிலில்லை. குழாயைப் பார்க்கிறேன் என்று அப்போதே உள்ளே போனவர், வரவே இல்லை.

உள் அறையில் இருந்தார். செருப்பைச் சுவரோரம் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் சிமெண்ட் தரையில் ஒருக்களித்து, கன்னத்துக்கடியில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா மண்டியிட்டு மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு முதுகில் கையை வைத்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், அது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். கடிகாரத்தைத் துணிக்குள் ஒளித்துவைத்ததும், செருப்புக் கடைக்காரரிடம் கெஞ்சியதும் என் மண்டைக்குள் வரிசையாக வந்தன.

"உன் சக்களத்தி கடல் இல்லைக்கா. இந்த மிஷின்தான்."

தரகர் கதவருகே வந்து, ஐயாவுக்கு என்ன ஆயிற்று, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று பதறினார். அக்கா அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். வீடே அதிர்ந்துகொண்டிருந்தது.

"மெதுவாப் பேசுங்க. தூங்கறார்."

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பைக்குள் அத்தானுடைய போன் அடித்தது. கம்பெனிக்காரர். அக்கா சமையலறைக்குப் போய் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள். இன்றைக்கே, இப்போதே ஒரு பதில் வேண்டுமாம். ஆம் என்றால் பேரை எழுதிக்கொள்வார், இல்லையென்றால் இன்னொருவர் காத்திருக்கிறார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, போனைச் சேலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

நான் விடவில்லை. எழுப்பாதே, வரமாட்டார் என்று நீயே சொல்லிவிடு, விட்டது சனி என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நான் சொன்னா அது என் பதில்டி. நாளைக்கு அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தா, நான்தான் கெடுத்தேன்னு எனக்குத் தோணும்."

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. மாதக்கணக்கில் தூங்காத மனுஷன் இப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறார். அவரை எழுப்பி, போகிறீர்களா என்று இவளே கேட்கப்போகிறாள். கேட்டால் அவர் ஆமாம் என்று சொல்லிவிடக்கூடும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. அவர் பாதிக் கண்ணைத் திறந்தார்.

"கம்பெனிக்காரர் கூப்பிடறார். கப்பலுக்கு வர்றீங்களா, இல்லையான்னு இப்பவே சொல்லணுமாம்."

அத்தான் அவளைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று யோசிக்கிற மாதிரி கூரையைப் பார்த்தார். பிறகு அவள் புடவைத் தலைப்பைக் கொஞ்சம் இழுத்து முகத்தில் விழுந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டார்.

"வேற ஆளைப் பார்க்கச் சொல்லு. எனக்குத் தூக்கம் வருது."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநொடி தூங்கிவிட்டார். அக்கா போனைக் காதில் வைத்து, அவருக்குத் தூக்கம் வருகிறதாம் என்று அப்படியே ஒப்பித்தாள். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, ஆமாங்க, தூக்கம்தான் என்று இன்னொரு தடவை சொன்னாள். போனை அணைத்துக் கீழே வைத்தாள். அப்புறம்தான் அழுதாள். வாய்விட்டு, முந்தானையை வாயில் பொத்தாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். புயலில் கப்பல் மாட்டிய வாரத்தில்கூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம்?

தலைப்பு அவர் கையில் மாட்டியிருந்ததால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். கேட் வரை நடந்து, காவலாளியிடம் கடையைக் கேட்டு, டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், தரகர் வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தார். வெயில் உள்ளே விழாமல் கதவை ஒருக்களித்து வைத்திருந்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்காவும் தூங்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே சரிந்து, கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, அவர் முதுகில் ஒரு கையைப் போட்டபடி. அவர் தூங்கவில்லை, தூங்கவில்லை என்றே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து இவள் ஒழுங்காகத் தூங்கினாளா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கூடப் பிறந்த நானும் கேட்டதில்லை.

நான் வந்து படியில் உட்கார்ந்தேன். தரகர் என்னிடம் குனிந்து, குரலை இறக்கி, வீட்டை வாங்குவார்களா என்று கேட்டார்.

"வாங்கியாச்சு. டீயைக் குடிங்க."